நிறத்தடை காலத்தில் ஒரு களம்: அலெக்ஸ் பொம்பெஸ்

அமெரிக்க பேஸ்பாலின் மேஜர் லீக் அணிகள் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1947 வரை கறுப்பின வீரர்களுக்கு இடம் தரவில்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்தத் தடை, லத்தீன் அமெரிக்க வீரர்களையும் இரண்டாகப் பிரித்தது. வெளிர்நிறத்தவரான அர்மாண்டோ மார்சான்ஸ், ரஃபேல் அல்மெய்டா என்ற கியூபர்கள் 1911-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு ஆடினார்கள். அதே கியூபாவின் கறுநிற வீரர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அவர்களுக்குக் களம் அமைத்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அலெக்ஸ் பொம்பெஸ்.

கியூபப் பெற்றோருக்கு 1890-ல் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில் பிறந்த பொம்பெஸ், நியூயார்க்கின் ஹார்லெமில் குடியேறி, 1916-ல் கியூபன் ஸ்டார்ஸ் அணியைத் தொடங்கினார். இந்த அணி 1923-ல் கறுப்பினத்தவருக்கான ஈஸ்டர்ன் கலர்டு லீகில் சேர்ந்தது. பந்து வீசுவது முதல் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஆடக்கூடிய மார்ட்டின் டிஹிகோவை அவர் அழைத்துவந்தது அந்த ஆண்டில்தான். டொமினிக்கன் குடியரசின் டெட்டெலோ வர்காஸும் பின்னர் இங்கு ஆடினார்.

அணியை நடத்தப் பெருமளவு பணம் தந்தது, ஹார்லெமில் அவர் நடத்திய, ‘நம்பர்ஸ்’ எனப்பட்ட சட்டவிரோத லாட்டரி. வங்கிகளும் பெரிய முதலாளிகளும் கைகொடுக்காத நிலையில், வேறு சில கறுப்பின அணி உரிமையாளர்களும் இதையே நம்பியிருந்தார்கள். 1935-ல் நியூயார்க் கியூபன்ஸ் அணியைத் தொடங்கிய பொம்பெஸ், டிக்மன் ஓவல் மைதானத்தைப் புதுப்பித்தார். ஆனால் 1937-ல் லாட்டரி வழக்கில் சிக்கி மெக்சிகோவுக்குத் தப்பினார்; அங்கே கைதாகித் திரும்பியபின் அரசுத் தரப்புச் சாட்சியாகி, சிறைத் தண்டனையிலிருந்து தப்பினார். 1939-ல் மீண்டும் அணியை நடத்தலானார்.

1947-ல் நியூயார்க் கியூபன்ஸ், கிளீவ்லாந்து பக்கைஸை வென்று, கறுப்பின லீகுகளின் வாகையர் தொடரான நீக்ரோ உலகத் தொடரைக் கைப்பற்றியது. கியூபாவின் மின்னி மினியோசோ, மூத்த லூயிஸ் டியான்ட், பனாமாவில் பிறந்த பேட் ஸ்கான்டில்பரி ஆகியோர் அந்த அணியில் இருந்தார்கள். அதே ஆண்டு கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் நுழைந்தார். நிறத்தடை தளர்ந்ததும் சிறந்த வீரர்களும் ரசிகர்களும் மேஜர் லீக் பக்கம் போனதால், கறுப்பின அணிகள் வருமானம் இழந்தன. நியூயார்க் கியூபன்ஸ் 1950-ல் முடிவுக்கு வந்தது.

பொம்பெஸின் பணி அத்துடன் நிற்கவில்லை. மேஜர் லீகின் ஜயன்ட்ஸ் அணிக்கு வீரர்களைத் தேடும் பொறுப்பை ஏற்ற அவர், கரீபியத் தீவுகளில் தமக்கிருந்த நீண்டகாலத் தொடர்புகளை அதற்குப் பயன்படுத்தினார். ஒர்லாண்டோ செபெடா, ஹுவான் மரிச்சால், ஃபெலிப்பே அலூ ஆகியோர் ஜயன்ட்ஸுக்கு வந்ததில் அவருக்குப் பங்குண்டு. அவர் 1974-ல் காலமானார். 2006-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.