பத்திரிகை யாருடைய உடைமை? லேக் ஹவுஸ் சட்டமும் மலைநாட்டுத் தமிழ் வாசகரும்

இலங்கையில் லேக் ஹவுஸ் என்று நாடறிந்த பத்திரிகை ஸ்தாபனத்தின் பங்குகளில் 75 சதவீதத்தை, 1973-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தமையை, ஏகபோக முதலாளித்துவத்தின்மீது மக்கள் பெற்ற ஜயமென்று ஒரு சாராரும், பத்திரிகைச் சுதந்திரத்துக்கு நேர்ந்த நாசமென்று மற்றொரு சாராரும் வருணித்து வந்துள்ளனர். அந்த ஸ்தாபனத்தின் தமிழ்த் தினசரியாகிய தினகரனை மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வாசித்தவனின் நிலையை இவ்விரு சாராரும் கருதவில்லை என்பதும், அவன் நிலையிலிருந்து நோக்கின் உடைமை மாற்றத்தின் தாற்பரியமே வேறுபடுகிறதென்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

ஏகபோகம் என்ற குற்றச்சாட்டு பொய்யன்று. 1918-இல் டெய்லி நியூஸையும் 1932-இல் தினகரனையும் தொடங்கிய டி. ஆர். விஜேவர்தனாவின் ஸ்தாபனம் மும்மொழி வாசகரையும் தன் செல்வாக்குக்கு உட்படுத்தி, ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பக்கபலமாக விளங்கிற்று. அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான ஜே. ஆர். ஜயவர்த்தனா அவருடைய சகோதரியின் புதல்வரே. ஆயினும், பேராதனையில் பயின்று வெளியேறிய மார்க்சியவாதியான க. கைலாசபதி 1959-இல் தினகரனின் ஆசிரியராகி, 1961-இல் பேராதனைக்கே விரிவுரையாளராகத் திரும்பும்வரை, முற்போக்கு எழுத்தாளருக்கு அதன் பக்கங்களைத் திறந்துவைத்ததும் அதே ஸ்தாபனத்தின் மாளிகையில்தான். தனியுடைமையின் தயவு இதுவென்று நான் கொள்ளவில்லை. ஆசிரியபீடத்துக்கும் உடைமையாளருக்கும் இடையே அன்று ஓர் இடைவெளி இருந்ததென்பதற்கு இது சான்று.

அந்த இடைவெளியே பின்னர் மறைந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் லேக் ஹவுஸைக் கையகப்படுத்த முதன்முதல் முனைந்தது 1964-இல். அமைச்சர் சி. பி. டி சில்வா உள்ளிட்டோர் கட்சி மாறியதனால் டிசம்பர் 3-ஆம் திகதி ஒரே வாக்கில் அவ்வரசாங்கம் தோல்வியுற்றது. ஐந்து வாரங்களுக்கு முன்னர், அக்டோபர் 30-ஆம் திகதி, அதே அரசாங்கம் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மலையகத் தமிழருள் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையை அவர்களுடைய சம்மதமின்றியே பங்கிட்டிருந்தது. 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவர்களிற் பெரும்பாலோர் ஏற்கெனவே வாக்கிழந்தவர்கள். பத்திரிகையை ‘மக்கள் பெயரால்’ 1973-இல் ஏற்றபோது, அந்த மக்கள் என்னும் எண்ணிக்கையுள் இவ்வாசகர்கள் சேரவில்லை. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களையும் அரசுடைமையாக்கவே, ஹந்தானையிலோ கலஹாவிலோ கொழுந்தெடுத்தவனுக்கு வேலை கொடுத்த எசமானனும், அவன் கையிலிருந்த பத்திரிகையின் அதிபதியும் ஒருவரேயாயினர். பஞ்சத்தால் தோட்டங்கள் வாடிய அந்த ஆண்டுகளில், எசமானனைக் குறித்த முறைப்பாட்டை எசமானனின் பத்திரிகையிலேயே தேடவேண்டிய நிலை எவ்வளவு கொடியது என்பதைச் சுதந்திரத்தைப் பற்றிய நம் சர்ச்சைகள் போதிய அளவு உணர்த்தவில்லை.

பங்குகளைப் பொதுமக்களிடையே பரவலாக்குவதே சட்டத்தின் நோக்கமெனச் சொல்லப்பட்டது. 1977-இல் ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மையுடன் ஜயவர்த்தனா ஆட்சியேறியபோது, தம் தாய்மாமன் கட்டிய ஸ்தாபனத்தைக் குடும்பத்துக்கும் மீட்டளிக்கவில்லை, வாசகருக்கும் வழங்கவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்வரை அநீதியாகத் தோன்றிய கருவி, ஆட்சிபீடத்தில் அமர்ந்ததும் உபயோகமுள்ளதாகிவிடுகிறது. பின்வந்த ஆட்சிகளும் அதை விட்டுவிடவில்லை.

அரசா, முதலாளியா என்ற இரண்டே வழிகள்தாம் உண்டென்பாருக்குத் தாய்லாந்தின் சரித்திரம் தகுந்த விடை தருகிறது. 1992 மே மாதத்தில் பாங்கொக் வீதிகளில் படையினர் மக்களைச் சுட்டதை அரசினதும் இராணுவத்தினதும் பிடியிலிருந்த தொலைக்காட்சிகள் மறைத்தன. அதன் பயனாக 1996-இல் எழுந்த ஐ.டி.வி. நிலையமோ, 2000-இல் செல்வந்த அரசியல்வாதி தக்சின் சினவத்திரா குடும்பத்தின் ஷின் நிறுவனத்தின் வசமாயிற்று. இரு வழிகளிலும் ஏமாந்த பின்னர், 2008-இல் அமைக்கப்பெற்ற தாய் பி.பி.எஸ். நிலையத்துக்கு, மதுவின்மீதும் புகையிலையின்மீதும் விதிக்கப்படும் வரியிலிருந்து ஒரு பகுதி சட்டப்படியே ஒதுக்கப்பட்டது. அமைச்சரின் கருணையும் விளம்பரதாரரின் தயவும் வேண்டாத இத்தகைய ஏற்பாடு குறையற்றதன்று. ஆட்சியின் நெருக்குதலிலிருந்து அது பூரண விலக்கும் தராது.

நம் மலைநாட்டின் தொடக்கமும் நினைவுகூரத்தக்கது. கோ. நடேசய்யர் 1920-களில் தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தி, தோட்டத் தொழிலாளரின் குறைகளை எடுத்துரைத்தது எந்தப் பெரிய ஸ்தாபனத்தின் கூரையின் கீழுமன்று. பத்திரிகையாளரான அவரே 1931-இல் அத்தொழிலாளருக்குச் சங்கமும் அமைத்தார். அரை நூற்றாண்டாகப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் கிடக்கும் பங்குகளை இனியேனும் வாசகருக்குப் பகிர்வதாயின், அவற்றில் ஒரு பகுதி தோட்டத் தொழிலாளருக்கென ஒதுக்கப்பட வேண்டும். ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் ஆட்சியாளரின் பிடியிலிருந்து விலக வேண்டும்.