பஞ்சாப் கால்வாய்களில் வண்டல் மேலாண்மை

பஞ்சாப் கால்வாய்களில் வண்டல் மேலாண்மை: இமயத்து ஆறுகள் சுமந்துவரும் மணலும் வண்டலும் பாசனக் கால்வாய்களில் படிந்து நீர்ப் பங்கீட்டைக் குலைக்காமல் காக்கும் வழிமுறைகள். இந்திய, பாகிஸ்தான் பஞ்சாப் இரண்டிலும் இது பராமரிப்புக் கணக்கில் எழுதப்பட்டாலும், உண்மையில் பங்கீட்டு வேலையே.

இங்கே கிளைக்கால்வாயிலிருந்து வயல் வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரியும் மடைக்கு 'மோகா' என்று பெயர். பெரும்பாலான மோகாக்களுக்குக் கதவு கிடையாது. கால்வாயின் நீர்மட்டத்துக்கேற்பத் தண்ணீர் தானாகப் பாயும். தலைப்பகுதியில் ஒரு முழம் மண் படிந்தால் அங்கே நீர்மட்டம் உயர்ந்து, தலைமடை மோகாக்கள் தங்கள் பங்குக்கு மேல் இழுத்துக்கொள்ளும். தண்ணீரைத் திருட யாரும் இரவில் கரையை உடைக்க வேண்டியதில்லை. வாராபந்தி என்னும் முறைப்பாசனத்தில் வாரத்தின் 168 மணி நேரம் நிலப்பரப்புக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. கடைமடைக்காரருக்கும் நேரம் குறையாது. வாய்க்காலில் ஓடும் நீர்தான் குறையும். தன் முறையில் பாதி வயல் காய்ந்து கிடந்தால், அடுத்த வாரம்தான் மீண்டும் தண்ணீர்.

பஞ்சாபின் மேல் பாரி தோஆப் கால்வாயை ஆராய்ந்த பொறியாளர் ஆர். ஜி. கென்னடி, மண் படியாமலும் படுகை அரிக்காமலும் ஓடும் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது என்று 1895-இல் காட்டினார். அகலமும் சரிவும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு பொறியாளர் ஜெரால்டு லேசியின் சமன்பாடுகள் 1930 வாக்கில் வழிசெய்தன.

கால்வாயில் நீர் கூடினாலும் குறைந்தாலும் எல்லா மடைகளும் ஒரே விகிதத்தில் எடுக்கும்படியான மோகாவைப் பொறியாளர் ஈ. எஸ். கிரம்ப் 1922-இல் வடிவமைத்தார். அதை எந்த உயரத்தில் பதிப்பது என்பதில்தான் சூட்சுமம். கனமான மணல் அடியோடு நகர்கிறது. மோகா மேலே இருந்தால் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொண்டு மணலைக் கால்வாயிலேயே விட்டுவிடும். படுகைக்கு அருகே இருந்தால் மண்ணிலும் தன் பங்கை வயலுக்குக் கொண்டுபோகும். ஆற்றிலிருந்து கால்வாய் பிரியும் தலையணைகளிலேயே மணலைத் தடுக்கும் ஏற்பாடும் உண்டு: செனாப் ஆற்றின் கான்கியில் கட்டப்பட்ட வண்டல் விலக்கி, அடிநீரை மணலோடு ஆற்றுக்கே திருப்பிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் மண் படியத்தான் செய்கிறது. பாகிஸ்தான் பஞ்சாபில் குளிர்காலத்தில் கால்வாய்களை அடைத்துத் தூர்வாருகிறார்கள். மட்டம் பார்க்காமல் தோண்டிய பள்ளம் சீக்கிரமே தூர்ந்துவிடும். கரையில் கொட்டிய மண் மழையில் திரும்பி உள்ளே வரும். கால்வாயின் கடைக்கோடி அளவுகோல் காட்டும் மட்டத்தை வைத்தே வேலையை மதிப்பிட வேண்டும். அள்ளிய மண்ணின் கன அளவை வைத்து அல்ல. தூர்வாரியதும் தலைப்பகுதியில் நீர்மட்டம் இறங்குவதால், அங்குள்ள மோகாக்களின் அகலத்தையும் உயரத்தையும் மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும்.