சிவப்புத் தொப்பி பிறந்த கதை

வில்லியனூரில் விழுப்புரம் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கண்டமங்கலம் வரும், அது தமிழ்நாடு. இன்னும் சற்றுப் போனால் திருபுவனை, மறுபடி புதுச்சேரி. கடலூர் சாலையிலும் அப்படித்தான். ரெட்டிச்சாவடி அவர்களுடையது, பாகூர் நம்முடையது. வயல், வரப்பு, பேச்சு, சாமி எல்லாம் ஒன்றாகவே இருக்கும் இந்த ஊர்களில், எந்த அரசின் எல்லைக்குள் நிற்கிறோம் என்பதை வெளியூர்க்காரருக்குச் சட்டென்று காட்டிவிடுவது காவலரின் தலை. உருளையாக, மேலே தட்டையாக, முன்னால் சிறு விளிம்போடு ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தால் அது புதுச்சேரி. நம் காவலர்களும் ஏட்டுகளும் அணியும் அந்தத் தொப்பியைப் பிரெஞ்சுக்காரர்கள் கெபி என்பார்கள்.

அது பிறந்த இடம் பாரிஸ் இல்லை, ஆப்பிரிக்கா. 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைப் பிடித்தது. அந்தப் படையினர் தலையில் அப்போது இருந்தது ஷாகோ என்ற உயரமான தொப்பி. தோலும் கெட்டித் துணியுமாக நல்ல கனம். ஐரோப்பியக் குளிரில் அணிவகுப்புக்கு அது எடுப்பாக இருந்திருக்கலாம்; அல்ஜீரிய வெயிலில் அதைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க நடப்பது தண்டனை. எனவே பிரம்புச் சட்டம் கட்டி அதன்மேல் துணி போர்த்திய லேசான தொப்பி ஒன்று 1830களில் புழக்கத்துக்கு வந்தது. 'ஆப்பிரிக்கத் தொப்பி' என்றே அதற்குப் பெயர். பிறகு பிரம்பு போய் வெறும் துணியாயிற்று; சுவிட்சர்லாந்துப் பகுதியின் ஜெர்மன் பேச்சிலிருந்து கெபி என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. 1870இல் பிரஷ்யாவோடு போர் மூண்டபோது பிரெஞ்சுச் சிப்பாய் என்றாலே கெபிதான். அதற்குள் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புத் தலைகளிலும் அது ஏறியிருந்தது. சிப்பாயின் கழுத்துவலியில் பிறந்த தொப்பி இது; அரசவைத் தையல்காரர் யோசித்த அலங்காரம் இல்லை. எனக்கு இதன்மேல் மதிப்பு வந்ததே இதனால்தான்.

இனி அந்தச் சிவப்பு. 1829 முதல் பிரெஞ்சுக் காலாட்படையின் கால்சட்டைக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்த சாயம் விதிக்கப்பட்டது. கெபியின் சிவப்பும் அதே குடும்பம். தென் பிரான்சில், அவிஞ்ஞோன் வட்டாரத்தில், அந்த வேர் வயல் வயலாக விளைந்தது. அதன் சிவப்புக்குக் காரணமான பொருள் அலிசரின். இதே அலிசரின் நம் சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் முளைக்கும் சாயவேரிலும் இருக்கிறது; சித்த வைத்தியர்கள் இம்பூரல் என்பது அதைத்தான். ஐரோப்பா ஆசையாக வாங்கிய நம் வண்ணத் துணிகளில் சிவப்பு நிற்பதற்கு அந்த வேர்தான் ஆதாரம். கடல் கடந்து வந்த தொப்பியின் நிறம் இந்தக் கரைக்கு ஏற்கெனவே சொந்தம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. 1868இல் கிரேபே, லீபர்மான் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் இருவர் அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டினார்கள். சில பத்தாண்டுகளில் பிரான்சின் வேர் வயல்களும் நம் சாயவேர்த் தொழிலும் சேர்ந்தே சரிந்தன.

அந்தச் சிவப்பே பிரெஞ்சுச் சிப்பாய்க்கு எமனாகவும் ஆயிற்று. 1914 ஆகஸ்டில் சிவப்புக் கெபியும் சிவப்புக் கால்சட்டையுமாகத்தான் அவன் போருக்குப் போனான். கெபிமேல் நீல உறை மாட்டியும் பயனில்லை. இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே அந்த நிறம் நல்ல குறியானது. துணித் தொப்பியால் குண்டுச் சிதறலையும் தடுக்க முடியவில்லை. ஆகஸ்ட் 22ஆம் தேதி ஒரே நாளில் ஏறக்குறைய 27,000 பேர் மாண்டார்கள். 1915இல் ஏட்ரியன் என்ற இரும்புத் தொப்பி வந்ததும் போர்க்களத்தில் கெபியின் காலம் முடிந்தது. புதுச்சேரியிலிருந்தும் அந்தப் போருக்கு ஆட்கள் போனார்கள். கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்த நினைவுச்சின்னம் அவர்களுக்கானது.

போர்க்களத்தை விட்ட கெபி காவலுக்கும் அணிவகுப்புக்கும் வந்தது. பிரெஞ்சுத் தேசியக் காவல்துறை 1980களில் அதைக் கைவிட்டுத் தட்டைத் தொப்பிக்கு மாறியது. பாரிஸ் தெருக்காவலர் தலையிலிருந்து இறங்கிய பிறகும் பாகூர்க் காவலர் தலையில் அது நிற்கிறது.

எப்படி நின்றது என்பதற்கு நம் கிராமமே சாட்சி. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் 1954 அக்டோபர் 18ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு மாறியது. கொடி மாறியது, அதிகாரிகள் மாறினார்கள், ஆனால் காவலரின் கெபி மாறவில்லை. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. அப்போதும் அது தப்பியது. கொம்யூன் என்ற உள்ளாட்சி ஏற்பாடும் இப்படி மிஞ்சியதுதான். 1880இல் பிரெஞ்சு இந்தியாவை முதலில் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்தபோதே வில்லியனூரும் பாகூரும் அதில் இருந்தன.

அடிமைத்தனத்தின் சின்னத்தை இன்னும் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தை ஒருமுறை பாருங்கள். பிரெஞ்சு கவர்னர் ஊராரோடு வந்து வடம் பிடிப்பது அக்காலத்து வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். வடத்தின் இருபுறமும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி நிற்பவர்கள் சிவப்புத் தொப்பிக்காரர்கள். அந்தத் தொப்பி இப்போது யாருடைய ஆட்சியையும் நினைவூட்டவில்லை. தேருக்கு வரும் பிள்ளைகளுக்கு அது நம் ஊர்ப் போலீஸ். எடுத்துவிட்டால் திரும்ப வராத அடையாளம் இது, இருக்கட்டும் என்பதே என் கட்சி.

சரி, பழைய கெபி ஒன்று கையில் கிடைத்தால் அதன் காலத்தை எப்படி அறிவது? அதற்குத் தொப்பி சேகரிப்பவர்கள் ஒரு நல்ல வித்தை வைத்திருக்கிறார்கள். ஜெர்மன், ஆஸ்திரிய ஃபெல்ட் தொப்பிகளின் காலத்தைக் கணிக்க அவர்கள் வெளிப்புறத்தைப் பார்ப்பதற்கு முன் உள்ளே புரட்டிப் பார்க்கிறார்கள். முயல் மயிரை நீராவியில் அழுத்தித் திரட்டிய அந்தத் தொப்பிகளுக்குப் பேர்போன ஊர் நொய்டிட்ஷைன். ஹியூக்கல் குடும்பத்தின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அந்த ஊர் 1918 வரை ஆஸ்திரியாவில் இருந்தது, பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில், 1938 முதல் 1945 வரை ஜெர்மனியில். இன்று அது செக் நாட்டின் நோவி யிச்சின். ஆகவே வியர்வைப்பட்டைத் தோலில் எந்த நாட்டின், எந்த ஊரின் பெயர் குத்தியிருக்கிறது என்பதே பாதி விடை சொல்லிவிடும்.

கெபியையும் அப்படிப் படிக்கலாம். தொளதொளவென்று முன்பக்கம் சரியும் மென்மையான உருவம் பழையது. 1884இல் விதித்த மாதிரிதான் 1914இல் போருக்குப் போனது. விறைப்பான உருளை அதற்கும் பிந்தியது. பிரெஞ்சுப் படையின் பொருள் என்றால் உள்ளே ஒப்பந்தக்காரர் முத்திரையோ சிப்பாயின் எண்ணோ இருக்கிறதா என்று தேட வேண்டும். பக்கப் பொத்தானில் நங்கூரம் இருந்தால் அது காலனிப் படையைச் சேர்ந்தது. அந்து அரித்த ஓட்டை கம்பளிக்கு அத்தாட்சி. பாலியஸ்டரை அந்து தொடாது. நாடி வார் தோலா, ரெக்சினா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தாக்களின் வீடுகள் புதுச்சேரியில் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுப் பரணில் தொப்பி கிடைத்தால் துவைக்காதீர்கள். வெயிலில் போடாதீர்கள், சாயம் போய்விடும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, உள்ளே வெள்ளைத் துணியைத் திணித்து, வடிவம் குலையாமல் பெட்டியில் வையுங்கள். அதை அணிந்தவர் யார், எந்தப் படை, எந்த ஊரில் எத்தனை வருடம் என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதோடு போட்டுவிடுங்கள்.