பல்லாவரம் முதல் படப்பை வரை: ஜெனரேட்டர் ரிலே சோதனையின் வளர்ச்சி

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், தாம்பரத்துக்கும் ஒரகடத்துக்கும் இடையே இருக்கிறது படப்பை. இந்தச் சாலையோரத் தொழிற்கூடங்களுக்கு டீசல் ஜெனரேட்டரின் சத்தம் புதிதல்ல. அந்த ஜெனரேட்டர்களைக் காக்கும் ரிலேக்களைச் சோதிக்கும் முறை எப்படி மாறிவந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ரிலேயின் வடிவம் மாற மாற, கோளாறு ஒளியும் இடம் அதன் உள்ளிருந்து வெளியே நகர்ந்துவிட்டது. பராமரிப்புப் பழக்கம் அதைப் பின்தொடரவில்லை என்பதே என் முடிபு.

இந்திய ரிலே உற்பத்தியின் முக்கியக் களங்களில் ஒன்று, படப்பையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் பல்லாவரம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி ஆஃப் இந்தியா 1957 மார்ச்சில் பதிவானது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்வாரியம் பிறந்தது. ஜி.இ.சி., அல்ஸ்தாம், அரேவா, ஜி.இ. என்று நிறுவனத்தின் பெயர்ப்பலகை பலமுறை மாறியும் ரிலேத் தொழில் அங்கே தொடர்ந்தது. 1965இல் ரிலேக்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3231 வெளிவந்தது.

அக்காலப் பேனல்களில் பரவலாக இருந்தது சி.டி.ஜி. வகை ரிலே. பழைய வீட்டு மீட்டரில் சுழன்றதே, அதே போன்ற அலுமினிய வட்டு இதிலும் உண்டு. மின்னோட்டம் அளவை மீறினால் வட்டு சுழன்று காண்டாக்டை மூடும். மீறல் கூடக்கூட நேரம் குறையும். நேர அமைப்பை 1இல் வைத்தால், அமைத்த அளவின் 2 மடங்கு மின்னோட்டத்துக்குச் சுமார் 10 வினாடி, 10 மடங்குக்குச் சுமார் 3 வினாடி. செகண்டரி இன்ஜெக்‌ஷன் பெட்டியிலிருந்து மின்னோட்டம் செலுத்தி, ஸ்டாப் வாட்சைப் பிடித்து, இந்த இரண்டு எண்களும் வருகின்றனவா என்று பார்ப்பதே சோதனையின் சாரம். நேரம் நீண்டால் பேரிங்கில் அழுக்கு இருக்கலாம், அல்லது தடைக் காந்தத்தின் இடுக்கில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கலாம். காண்டாக்டை எமரித் தாளால் தேய்ப்பவரைப் பழைய மேற்பார்வையாளர் விடமாட்டார். துகள் பதிந்தால் அதுவே அடுத்த கோளாறு. காண்டாக்டைச் சுத்தம் செய்யவென்றே மெல்லிய பர்னிஷிங் தகடு இருந்தது. கண்ணாடி முகப்பின் வழியே வட்டின் தயக்கத்தைப் பார்க்க முடிந்ததால், அந்த ரிலே தன்னைச் சோதித்தவருக்கே பாடம் நடத்தியது என்பேன்.

1980களில் எம்.சி.ஜி.ஜி. போன்ற ஸ்டாட்டிக் ரிலேக்களும், 1990களின் இறுதியில் மைகாம் வரிசை நியூமெரிக்கல் ரிலேக்களும் வந்தன. வட்டும் பேரிங்கும் போயின. ரிலே தன்னைத் தானே கண்காணித்து, பழுதானால் விளக்கெரித்துச் சொல்லத் தொடங்கியது.

இந்த மாற்றம் படப்பை வட்டாரத்தில் பரவிய காலம், மின்தட்டுப்பாட்டின் காலமும் ஆகும். 2008 நவம்பரில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு விதிக்கப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. 2012இல் சென்னை நகருக்கு வெளியே பல மணி நேரம் மின்சாரம் இல்லை. அவசரத்துக்கு என்று வாங்கிய ஜெனரேட்டர் அன்றாட இயந்திரமானது. வோல்டேஜ், 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண், இன்ஜின் ஆயில் அழுத்தம், தண்ணீர்ச் சூடு ஆகிய எல்லாவற்றையும், மின்சாரம் போனால் ஜெனரேட்டரைத் தானே இயக்கும் ஏ.எம்.எஃப். பேனலில் உள்ள ஒரே கன்ட்ரோலர் பார்த்துக்கொண்டது.

அந்தக் கன்ட்ரோலர் தன் மூளையைத்தான் சோதித்துக்கொள்கிறது. அதிலிருந்து கிளம்பும் கம்பி, 12 அல்லது 24 வோல்ட் துணை ரிலே, டீசலை நிறுத்தும் சோலினாய்டு, பிரேக்கரின் டிரிப் காயில் ஆகியவற்றின் நிலை, தனியாகக் கண்காணிப்புச் சுற்று வைத்தாலன்றி அதற்குத் தெரியாது. மின்சாரம் கொடுத்தால் நிற்கும் வகைச் சோலினாய்டில் ஒரு கம்பி அறுந்திருந்தால், ஆயில் அழுத்தம் விழும்போது கன்ட்ரோலர் சரியான ஆணையைத்தான் தரும். இன்ஜின் மட்டும் நிற்காது.

ரிவர்ஸ் பவர் ரிலே இன்னும் தெளிவான சான்று. இணையாக ஓடும் இரண்டு ஜெனரேட்டர்களில் ஒன்றுக்கு டீசல் நின்றால், அதன் ஆல்டர்னேட்டர் மற்றதிடமிருந்து மின்சாரம் வாங்கி மோட்டாராக மாறி இன்ஜினைச் சுழற்றும். இதைத் தடுக்கும் இந்த ரிலேயை, டீசல் இன்ஜின்களுக்குப் பொதுவாக ஜெனரேட்டரின் திறனில் 8 முதல் 15 சதவீதம் வரை வைத்து, சில வினாடி தாமதமும் தருவார்கள். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனைகளும் மாறி இணைக்கப்பட்டிருந்தால், ரிலேக்கு முன்னும் பின்னும் தலைகீழாகத் தெரியும். ரிலேயின் முனைகளில் மட்டும் மின்னோட்டம் செலுத்தும் சோதனையில் இந்தப் பிழை சிக்காது. ஒரு இன்ஜினின் கவர்னரைக் கவனமாகத் தணித்து, அதன் பிரேக்கர் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. இப்படி நனைந்த பேனலில் ரிலே உலர்ந்து வேலை செய்தாலும், அதன் அடித்தளத்திலும் டெர்மினல்களிலும் பச்சைக் களிம்பு மெல்ல வளரும். 500 வோல்ட் மெக்கரால் செய்யும் இன்சுலேஷன் சோதனை, மின்னணுப் பகுதிகளைக் கழற்றிவைத்துவிட்டு, இங்கே கட்டாயம்.

ஆகவே ஜெனரேட்டர் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுச் சர்வீஸ் அறிக்கையில் ‘ரிலே சரி’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். ஆயில் அழுத்தச் சுவிட்சைச் செயற்கையாக இயக்கியபோது இன்ஜின் நின்றதா, எத்தனை வினாடியில் நின்றது, பிரேக்கர் விழுந்ததா என்று எழுதித் தரச்சொல்லுங்கள்.