கள்ளுக்கணக்கும் கல்விக்கணக்கும்

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கழகத்தின் வளர்ச்சியைப் புகழ்ந்துரைக்கப் பலர் முன்வருவர். அதனை அவர்கட்கே விட்டு, நம் வீடுகளில் அனைவரும் அறிந்தும் மேடைகளில் எவரும் விரிவாகப் பேசாத ஒன்றைப் பற்றி வரலாற்றின் துணைகொண்டு ஆராய விரும்புகிறோம். அது குடிப்பழக்கம். அதற்கும் கல்விக்கும் உள்ள உறவே இக்கட்டுரையின் பொருள்.

1927 ஆம் ஆண்டின் ஒரு கணக்கு

1927 மார்ச் 12 ஆம் நாள் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின் மீது விவாதம் நடந்தது. அப்போது புதிய உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர் எழுந்து ஒரு கணக்கை அவையின்முன் வைத்தார். அரசு கல்விக்காகத் தலைக்கு 14 அணா செலவிடுகிறது. ஆனால் மதுவின் மீதான ஆயத்தீர்வையாக அதே மக்களிடமிருந்து தலைக்கு 2 ரூபாய் 2 அணா 9 பை பெறுகிறது என்றார். ஓர் ரூபாய்க்கு 16 அணாவும் ஓர் அணாவுக்கு 12 பையும் கொண்ட அந்நாளைய நாணயப்படி, கல்விக்குத் தந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கை அரசு மதுவால் பெற்றது. குடியின் வழியே மக்களிடம் எவ்வளவு பெறப்படுகிறதோ, அவ்வளவேனும் அவர்தம் கல்விக்குச் செலவிடப்பட வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை.

பொருளியலறிஞராகிய அவர் குடிப்பவனைப் பழித்து ஒரு சொல்லும் கூறாமல், அவன் கொடுத்த காசு எங்கே சென்றது என்று மட்டுமே கேட்டார். நாமும் அக்கேள்வியையே கையில் ஏந்தி வரலாற்றினுள் செல்வோம்.

குடி நம் குலத்தின் குணமா?

நம் இளைஞர்கள் படிக்கும் இடங்களிலும் பணிபுரியும் இடங்களிலும் "உங்கள் மக்கள் குடிப்பவர்கள்" என்னும் சொல்லைக் கேட்டிருப்பர். கேட்டுத் தலைகுனிந்தும் இருப்பர். அச்சொல்லில் உண்மை எவ்வளவு, பழி எவ்வளவு என்று பிரித்தறிதல் கடமையாகும்.

சென்னை மாகாணத்தில் 1886 ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் கள், சாராயம் ஆகியவற்றை இறக்கவும் காய்ச்சவும் விற்கவுமான உரிமையை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. கடைகள் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவன் போட்ட முதலை மீட்க வேண்டுமாயின் விற்பனையைப் பெருக்கியாக வேண்டும். நாள் முழுதும் வெயிலிலும் சேற்றிலும் உழைத்து மாலையில் கூலி பெறுவோர் வாழும் இடமே அவனுக்கு ஏற்ற சந்தையாயிற்று. மாகாணத்தின் பெருவருவாய்களுள் நிலவரிக்கு அடுத்த இடத்தை ஆயத்தீர்வை பெற்றது இவ்வாறே.

சாவுக்குப் பறையடித்தவர்க்கும் ஊர்த்தொண்டு செய்தவர்க்கும் கூலியின் ஒரு பகுதி கள்ளாகவும் சாராயமாகவும் கொடுக்கப்பட்ட வழக்கத்தை நம் பாட்டனார் காலத்தவர் அறிவர். காசாகக் கொடுத்தால் அது வீட்டுக்குச் சென்றிருக்கும். நெல்லாகக் கொடுத்தால் உலைக்குச் சென்றிருக்கும். குடியாகக் கொடுத்தது கொடுத்த இடத்திலேயே முடிந்தது.

கடல் கடந்தும் இதற்குச் சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் உழைத்த கறுப்பின, கலப்பினத் தொழிலாளர்க்குக் கூலியின் ஒரு பகுதி மலிவான மதுவாகவே அளக்கப்பட்டது. 'டாப்' முறை எனப்பட்ட அது பிற்காலத்தில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆயினும் கருவிலேயே மதுவின் நஞ்சேறி, கற்கும் ஆற்றல் குன்றிப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்து காணப்படும் இடங்களுள் அப்பகுதியும் ஒன்று என ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அங்குள்ளோர்க்கும் நம்மவர்க்கும் குலத்தொடர்பு ஏதுமில்லை. நிலமற்ற உழைப்பும் மதுவாக அளந்த கூலியும்தாம் இருவர்க்கும் பொது. எனவே குடி நம் குலத்தின் குணமன்று; நம்மீது சுமத்தப்பட்ட ஒரு நிலை. சுமத்தப்பட்டதை இறக்கி வைக்க இயலும்.

முன்னோர் கண்ட வழி

நம் முன்னோடிகள் பள்ளியையும் குடிமறுப்பையும் ஒருசேரவே கையில் எடுத்தனர். 1894 இல் அடையாறில் கர்னல் ஆல்காட் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவரோடு தொடர்பு கொண்டிருந்த பண்டிதர் அயோத்திதாசர் 1898 இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் இதழ் நடத்தினார். அவர் எடுத்துரைத்த பஞ்சசீலத்தின் ஐந்தாம் ஒழுக்கம் மதுவை விலக்குதலே. இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் மதுக்கடைகளைக் கட்டுப்படுத்தக் குரல் கொடுத்தார். எல். சி. குருசாமி சென்னையில் உழைக்கும் மக்களின் பிள்ளைகட்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். சுவாமி சகஜானந்தர் 1916 இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்டு, கல்வியோடு குடியற்ற வாழ்வையும் போதித்தார்.

1927 டிசம்பரில் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் தனியே உரையாற்றினார். குடித்து வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறிடாதீர்கள். ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்பன அவர் கூறிய அறிவுரைகளுள் அடங்கும். அந்த ஆண்டு மார்ச்சில் அரசிடம் கணக்குக் கேட்டவர், டிசம்பரில் அடுக்களைக்குச் சென்று கணக்குக் கேட்டார். 1956 அக்டோபர் 14 இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் ஏற்ற 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்றாக இருந்தது.

சட்டம் வந்த வழியும் சென்ற வழியும்

நாட்டிலேயே முன்னோடியாக, 1937 அக்டோபர் 1 இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் விற்பனை வரி பிறந்தது. போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, 1948 இல் மாகாணம் முழுதும் பரவியது. 1971 இல் நீக்கப்பட்டது. 1974 இல் மீண்டது. 1981 இல் மறுபடியும் நீங்கியது. 1983 இல் மதுவின் மொத்த விற்பனைக்கென அரசு நிறுவனம் உருவானது. 2003 இல் சில்லறைக் கடைகளையும் அந்நிறுவனமே ஏற்றது.

விற்பனை வரியின் கதையில் நாம் குறிக்கத்தக்கது ஒன்று உண்டு. மதுவிலக்குக்காகப் பிறந்த அவ்வரி, மதுவிலக்குப் போன பின்பும் போகவில்லை. இன்று மதுப்புட்டியின் மீதே மதிப்புக்கூட்டு வரியாக அதன் வழித்தோன்றல் அமர்ந்திருக்கிறது.

தூபகுண்டாவின் பாடம்

சட்டம் மேலிருந்து வந்து மேலிருந்தே சென்றது. கீழிருந்து எழுந்த ஓர் இயக்கத்தையும் நாம் அறிதல் வேண்டும். அது நமக்கு அண்டையில் உள்ள ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் நிகழ்ந்தது.

1991 ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்புகள் நடைபெற்றன. கூலி வேலை முடித்து வந்த பெண்கள் அரிக்கேன் விளக்கின் கீழ் அமர்ந்து எழுத்துக் கூட்டினர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் பிற்பட்ட வகுப்பினரும் மிகுதி. அவர்தம் பாட நூலில், கணவனின் குடியால் துயருற்ற ஒரு பெண்ணின் கதை இடம்பெற்றிருந்தது. பாடத்தைப் படித்தவர்கள் அது தம் வீட்டுக் கதையே என உணர்ந்தனர். தூபகுண்டா என்னும் சிற்றூரில் ரோசம்மா முதலிய பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூடச் செய்தனர்.

அடுத்து நிகழ்ந்ததே கல்வியாளர் கருத்தில் கொள்ள வேண்டியது. தூபகுண்டாவின் வெற்றி, தொடர்கல்விக்கான நூலில் புதிய பாடமாயிற்று. பெண்கள் ஒன்றுபட்டால் என்ன ஆகும் என்பதை அப்பாடம் கூறியது. அதைப் படித்த ஊர்கள் தோறும் கடைகள் மூடப்பட்டன. 1992 இல் நெல்லூரில் சாராயக் கடை ஏலத்தை நடத்தவொட்டாமல் பெண்கள் தடுத்தனர். 1993 ஏப்ரலில் நெல்லூரிலும், அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 இல் முழு மதுவிலக்கே வந்தது. வருவாய் இழப்பைக் காரணமாகக் காட்டி 1997 இல் அது தளர்த்தப்பட்டது.

பலன் நீடிக்கவில்லையே என்று நீங்கள் வினவலாம். சட்டம் நீடிக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் எழுத்தறிவு என்பது கையெழுத்திடும் திறன் மட்டுமன்று, தன் துயரைப் பெயரிட்டு அழைக்கும் திறன் என்பதை அப்பெண்கள் மெய்ப்பித்தனர். கல்வியாய்வாளர் பலர் அவ்வியக்கத்தை இன்றளவும் எடுத்து ஆராய்வதற்குக் காரணம் இதுவே.

மருத்துவம் கூறுவது

குடிக்கு அடிமைப்பட்டவனை ஒழுக்கங்கெட்டவன் என்று ஒதுக்கிய காலம் உண்டு. 1956 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனை நோயாகக் கருத வேண்டும் என்றது. 1960 இல் ஜெல்லினெக் என்னும் அறிஞர் இப்பொருள் பற்றி விரிவான நூல் இயற்றினார். 1980 இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் குடிநோயர்க்கென்றே தொடங்கப்பட்டது.

குடி கல்லீரலை மட்டும் கெடுப்பதன்று. மிகுதியாகக் குடிப்போர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. நெருக்கமான வீடுகளில் வாழும் நமக்கு இது தனி மனிதனோடு நிற்கும் செய்தியன்று. மேலும், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே அத்தகையோரை அறையில் பூட்டி வைத்தலும் கயிறு கட்டி விடுதலும் தீர்வாகா. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதலே முறை.

2019 இல் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார். எஞ்சிய 37 பேருக்குக் கிட்டியது ஏச்சும் பேச்சுமே.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் கலந்திருந்த மெத்தனால் உடலுக்குள் சென்று பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும். பின் உயிரைப் பறிக்கும். மாண்டவருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். மலிவு என்பதற்காக அதனை வாங்கியவர்கள். அரசுக் கடைகள் திறந்திருந்தும் இது நேர்ந்தது. கடைகளை மூடினால் மட்டும் நேராது என்றும் எவரும் உறுதி கூற இயலாது.

இன்றைய கணக்கு

இப்போது 1927 இன் கணக்கை நம் மாநிலத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 2023-24 ஆம் ஆண்டில் மது விற்பனையால் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசுக்குக் கிட்டியது 45,855 கோடி ரூபாய். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 40,299 கோடி ரூபாய். உயர்கல்விக்கு ஒதுக்கியதையும் சேர்த்தால் கல்விக்கணக்கே சற்று மிஞ்சும். அந்நாளில் இரண்டரைக்கு ஒன்றாக இருந்தது இன்று ஏறத்தாழச் சமமாகிவிட்டது.

அப்படியாயின் அம்பேத்கரின் கோரிக்கை நிறைவேறிற்று என மகிழலாமா? கல்விக்குக் கூடியதை நாம் நன்றியோடு ஏற்கிறோம். நம் பிள்ளைகள் பட்டம் பெற்றது அதனால்தான். ஆனால் அவர் கேட்டது, பெற்றதையேனும் திருப்பித் தருக என்பது. மேலும் மேலும் பெறுக என்பதன்று. ஒரு தட்டில் தந்தையின் கூலியையும் மறு தட்டில் மகனின் புத்தகத்தையும் வைத்துத் தராசு சமமாக நின்றால், அவ்வீட்டுக்கு அதில் இலாபம் என்ன?

பள்ளியில் பணிபுரியும் நாம் இக்கணக்கை வருகைப் பதிவேட்டில் காண்கிறோம். கூலி நாளுக்கு மறுநாள் சில பெயர்களுக்கு நேரே வருகைக் குறி இராது. விசாரித்தால் பையன் "உடம்பு சரியில்லை ஐயா" என்பான். உடம்பு சரியில்லாதது யாருக்கு என்று நாம் கேட்பதில்லை. இரவெல்லாம் தந்தையைத் தேடித் தெருவில் அலைந்தவனிடம் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டுத் தண்டித்த நாட்களும் நம் பணிக்காலத்தில் உண்டு. அதனை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

நாம் செய்யத்தக்கவை

இளைஞர்களே! படிப்பு மட்டுமே குடியைத் தடுக்கும் என்று நாம் கூறவில்லை. படிப்பு கூடக் கூடக் குடிப்போர் விகிதம் குறைவதைத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் படித்து வேலை பெற்றபின் குடியில் வீழ்ந்தோரும் நம்மிடையே உண்டு. ஆதலின் கழகம் சிலவற்றைத் திட்டமாகவே மேற்கொள்ளல் வேண்டும். மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, வீட்டில் அமைதியற்ற நேரத்தில், கழகக் கட்டடம் பிள்ளைகள் அமர்ந்து படிக்கத் திறந்திருக்க வேண்டும். குடியை விட விரும்புவோரை மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்ல இருவரேனும் பொறுப்பேற்க வேண்டும். திருமணத்திலும் சாவிலும் குடி வழங்குவதில்லை என்று உறுப்பினர் இல்லங்கள் உறுதி ஏற்க வேண்டும். தாய்மார் கூட்டம் மாதம் ஒருமுறை கூடிப் படித்தும் பேசியும் வர வேண்டும். தூபகுண்டாவில் தொடங்கியது அத்தகைய கூட்டமே.

அரசிடம் கணக்குக் கேட்பதை நிறுத்தவும் கூடாது. மதுவால் வரும் வருவாயில் ஒரு பங்கேனும் குடிநோய் சிகிச்சைக்கும் அந்நோயர் வீட்டுப் பிள்ளைகளின் கல்விக்கும் வெளிப்படையாக ஒதுக்கப்பட வேண்டும் எனக் கோருதல் நம் உரிமை. 1927 மார்ச்சிலும் டிசம்பரிலும் ஒரே மனிதர் இரண்டு இடங்களில் கேட்டதை நாமும் இரண்டு இடங்களிலும் கேட்போம். கழகத்தின் பொன்விழா மலரில் எழுதப்போகும் ஆசிரியர், வருகைப் பதிவேட்டைப் புரட்டுகையில் அந்தப் பையனின் பெயருக்கு நேரே நாள்தோறும் வருகைக் குறியைக் காண்பாராக.