ரங்கராஜ், ஏ. ஜி.

ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் (1917–2009) இந்திய இராணுவ மருத்துவர். பாராசூட்டில் முதன்முதலாகக் குதித்த இந்தியப் படையினர் இருவரில் ஒருவர். கொரியப் போரில் 60ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி மகாவீர் சக்கரம் பெற்றார். படைவீரருடன் எதிரி எல்லைக்குள் இறங்கி அங்கேயே சிகிச்சை தரும் மருத்துவம் இந்தியாவில் வேரூன்றியதற்கு இவர் பணியே அடித்தளம்.

இளமையும் படிப்பும்

ஆற்காட்டில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றதும், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். நகரத்தில் மருத்துவமனை வைத்து வசதியாக வாழும் வழி திறந்திருந்தும், புதிதாக உருவாகிவந்த பாராசூட் படையைத் தேர்ந்தெடுத்தார்.

பாராசூட் படையின் தொடக்கம்

50ஆம் பாராசூட் படையணி 1941 அக்டோபரில் டெல்லியில் அமைக்கப்பட்டது. அதில் மூன்று பட்டாலியன்கள் இருந்தன: 151 பிரிட்டிஷாருக்கு, 152 இந்தியருக்கு, 153 கூர்க்காக்களுக்கு. பயிற்சிப் பள்ளி முதலில் டெல்லி வில்லிங்டன் விமான நிலையத்தில் (இன்றைய சப்தர்ஜங்) நடந்தது. 1942இல் இராவல்பிண்டிக்கு அருகிலுள்ள சக்லாலாவுக்கு மாறியது. தொடக்கத்தில் கிடைத்தவை, வேகம் குறைந்த, இரட்டை இறக்கை கொண்ட பழைய வாலன்ஷியா விமானங்கள். பாராசூட்டுகளும் சொற்பமே.

152ஆம் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் ரங்கராஜ். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் முதலில் குதித்த இந்தியர்கள். மருத்துவர் முன்னால் குதித்தது வெறும் சாதனைக் கணக்கு அன்று. பாராசூட் படையில் மருத்துவருக்குத் தனி வழி கிடையாது. துப்பாக்கி ஏந்துபவர் பெறும் குதிப்புப் பயிற்சியை அவரும் முழுமையாகப் பெற வேண்டும். காயம்பட்டால் நம்மோடு குதித்த டாக்டர் பக்கத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையை வீரர்களுக்குத் தருவது அவரது முதல் கடமை.

கள மருத்துவப் பிரிவின் அமைப்பு

போர்க்களச் சிகிச்சை படிப்படியாக நடக்கும். முதற்படி பட்டாலியன் முதலுதவி நிலையம். இரத்தப்போக்கை நிறுத்துதல், எலும்பு முறிவுக்குச் சிம்பு கட்டுதல், வலி தணிக்க மார்ஃபின் கொடுத்தல் ஆகியவை அங்கே நடக்கும். அங்கிருந்து ஸ்ட்ரெச்சர் தூக்குவோர் காயமுற்றவரைக் கள மருத்துவப் பிரிவின் கட்டுப்போடும் நிலையத்துக்குக் கொண்டுவருவர். யாருக்கு உடனே அறுவை வேண்டும், யார் காத்திருக்கலாம், யாரை அப்படியே பின்னால் அனுப்பலாம் என்று அங்கே பிரிப்பார்கள். இந்தப் பிரித்தல் சரியாக அமையாவிட்டால், கைதேர்ந்த அறுவை மருத்துவர் இருந்தும் பயனில்லை. அடுத்த படிகள் பின்னணியில் உள்ள மருத்துவமனைகள்.

பாராசூட் பிரிவுக்கு இந்த வரிசை பொருந்தாது. தரைப்படை வந்து சேரும்வரை பின்னால் செல்லச் சாலையே இராது. ஆகவே மூன்றாம் படியில் நடக்க வேண்டிய அறுவை, முதற்படிக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். கருவிகள், பிளாஸ்மா, கட்டுத்துணி எல்லாம் உருளைப் பெட்டிகளில் அடைத்துப் பாராசூட்டில் இறக்கப்படும். பெட்டி எங்கே விழுகிறதோ அங்கே போய் எடுத்துவர வேண்டும். எதைக் கட்டுவது, எதை விடுவது என்பது குதிப்பதற்கு முன்பே தலைவர் எடுக்க வேண்டிய முடிவு. மறந்த பொருளைக் களத்தில் யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.

கொரியாவுக்குப் பயணம்

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டபோது, ஐ.நா. தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, சண்டையிடும் படையை அனுப்ப மறுத்து மருத்துவப் பிரிவை அனுப்பியது. நேரு அரசின் நடுநிலைக் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான செயல் வேறில்லை. லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் 346 பேர் கொண்ட 60ஆம் பிரிவு 1950 நவம்பரில் பூசானில் இறங்கியது.

பிரிவு பியாங்யாங்குக்குச் சென்ற நேரத்தில் சீனப் படைகள் பெருந்திரளாகப் போரில் நுழைந்துவிட்டன. டிசம்பர் தொடக்கத்தில் ஐ.நா. படைகள் பின்வாங்கின. மருத்துவப் பொருள்களை ஏற்றிச் செல்லப் பிரிவிடம் வண்டிகள் இல்லை. அவற்றை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் கிளம்பலாம் என்பதே எளிய வழி. ரங்கராஜ் அதற்கு உடன்படவில்லை. மருந்தும் கருவியும் இல்லாத மருத்துவப் பிரிவு போர்க்களத்தில் யாருக்கும் உதவாது. கைவிடப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றும் சில ரயில் பெட்டிகளும் கண்ணில் பட்டன. எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். மற்றவர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். பொருள்களை ஏற்றி, பாலங்கள் தகர்க்கப்படுவதற்கு முன் ஆற்றைக் கடந்து ரயில் சியோல் திசை நோக்கி ஓடியது.

டிசம்பர் நடுவில் பிரிவின் முன்னணிப் பகுதி 27ஆம் காமன்வெல்த் படையணியுடன் சேர்ந்தது. மற்றொரு பகுதி மேஜர் என். பி. பானர்ஜி தலைமையில் தேகு நகரில் தங்கி, கொரிய இராணுவ மருத்துவமனைக்கும் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளித்தது. ஒரே பிரிவை இரண்டாகப் பிரித்து இரண்டையும் தளராமல் நடத்தியது ரங்கராஜின் நிர்வாகத் திறனுக்குச் சான்று.

முன்சான் குதிப்பு

1951 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் 187ஆம் வான்வழிப் படைப்பிரிவு சியோலுக்கு வடமேற்கே முன்சானில் குதித்தது. இதற்கு ‘டோமஹாக் நடவடிக்கை’ என்று பெயர். பின்வாங்கும் எதிரியின் வழியை அடைப்பது நோக்கம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் குதித்த இந்த நடவடிக்கையில் ரங்கராஜும் அவருடைய அறுவைக் குழுவினரும் சேர்ந்து 12 இந்தியர்கள் குதித்தார்கள். எதிரிப் படையின் பெரும்பகுதி முன்பே நழுவிவிட்டதால் இராணுவ நோக்கில் அந்த நடவடிக்கை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மருத்துவ நோக்கில் அது முழு வெற்றி. காயமுற்றோருக்கு இறங்கிய இடத்திலேயே அறுவை நடந்தது.

ஏப்ரலில் காப்யாங் சண்டை, அக்டோபரில் காமன்வெல்த் டிவிஷனின் ‘கமாண்டோ நடவடிக்கை’ ஆகியவற்றிலும் பிரிவு காயமுற்றோரை ஏற்றது. 1954 பிப்ரவரி வரை கொரியாவில் இருந்த இப்பிரிவு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தது. ஏறத்தாழ 2,300 அறுவைச் சிகிச்சைகள் செய்தது.

தலைமைப் பண்பு

மருத்துவர், அறுவை உதவியாளர், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர், சமையற்காரர் எல்லாரும் குண்டு விழும் தூரத்தில் வேலை செய்யும் பிரிவை உத்தரவால் மட்டும் நடத்த முடியாது. ரங்கராஜ் மற்றவர்களைக் குதிக்கச் சொல்லிவிட்டுத் தளத்தில் இருக்கவில்லை, தாமே குதித்தார். அவருடைய தலைமைக்கு இலக்கணம் இதுவே. இன்றும் சிறப்புப் படை மருத்துவர்களை வழிநடத்த முன்வருபவர் இதை முதற்பாடமாகக் கொள்ள வேண்டும்.

பெரியம்மை ஒழிப்பு

பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியை நடத்தினார். மலைக் கிராமங்களில் அம்மை கண்டவரின் பொருக்கை எடுத்து மற்றவர் தோலில் கீறி ஏற்றும் பழைய வழக்கம் அங்கே இருந்தது. அப்படி ஏற்றிக்கொண்டவரிடமிருந்து உண்மையான பெரியம்மை பிறருக்குப் பரவும். இந்த வழக்கத்தைக் கண்டறிந்து நிறுத்துவதும், பாதை இல்லாத ஊர்களுக்குத் தடுப்பூசியைக் கொண்டுசேர்ப்பதும் பணியின் இரு பக்கங்கள். 1972இல் ஆப்கானிஸ்தானில் உள்ளூர்ப் பரவல் முடிவுக்கு வந்தது.

சிறப்புகள்

ரங்கராஜும் பானர்ஜியும் மகாவீர் சக்கரம் பெற்றார்கள். 1955இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் ஆக்ராவில் 60ஆம் பிரிவுக்குச் சிறப்புக் கோப்பை வழங்கினார். போர் தொடங்கிய 70ஆம் ஆண்டில், 2020 ஜூலை மாதத்துக்குரிய கொரியப் போர் வீரராகத் தென் கொரிய அரசு ரங்கராஜைத் தேர்ந்தெடுத்தது.

இன்றைய நிலை

60ஆம் பிரிவு ஆக்ராவில் இயங்குகிறது. 2023 நிலநடுக்கத்தின்போது துருக்கியின் இஸ்கெண்டெருனில் கள மருத்துவமனை நடத்தியது.