வேளைக்காரர்

வேளை வந்தால் உயிரையே தருவேன் என்று மன்னனுக்குச் சத்தியம் செய்த வீரரே வேளைக்காரர். வேளை என்பது முறைக்காவல் நேரம் என்பாரும் உண்டு. ஆபத்து வேளை என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பாண்டிய நாட்டில் இவர்களை ஒத்தவர்க்குப் பெயரே 'தென்னவன் ஆபத்துதவிகள்'. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னன் இறந்தால் அவன் சிதையில் மெய்க்காவலரும் பாய்ந்து உயிர்விடுவர் என எழுதினார். கடலுக்கு அப்பால் இலங்கையின் பொலன்னறுவையில், புத்தரின் தந்தத்தாதுக் கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரர் உறுதி சொல்லும் தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது.

உயிரைப் பணயம் வைக்கும் சத்தியம் பிற நாட்டிலும் உண்டு. மாஃபியா உறுப்பினர் ஜோசப் வலாச்சி 1963-இல் அமெரிக்க செனட் குழுவிடம் விவரித்த நியூயார்க் மாஃபியாச் சடங்கிலும் நெருப்பு உண்டு: மேசையில் துப்பாக்கியும் கத்தியும், கையில் எரியும் காகிதம், ரகசியத்தை வெளியிட்டால் இப்படியே எரிவேன் என்ற சத்தியம். வேளைக்காரர் உறுதியோ ஊரறியக் கல்லில் வெட்டப்பட்டது.